பள்ளியின் ஆட்சியும் ஆசிரியர் மரபும்

பவணந்தி முனிவர் நன்னூலுக்குப் பாயிரஞ் செய்யப் புகுந்தபோது எடுத்த எடுப்பில் எழுத்திலக்கணத்தைத் தொடங்கினாரல்லர். ஆசிரியன் யார், மாணாக்கன் யார், பாடஞ் சொல்லும் முறை யாது, கேட்கும் முறை யாது என்பவற்றை முதற்கண் வகுத்து வைத்தார். நூல் எத்துணைச் சிறந்ததாயினும், சொல்வோனும் கேட்போனும் கூடுமிடம் சீர்ப்படாவிடின் அது பயன்படாது என்பது அவர் கருத்துப் போலும். ஆசிரியராதற்குத் தகாதவர்க்கு அவர் காட்டிய உவமைகளுள் ஒன்று முடத்தெங்கு. ஒருவர் வளவில் நின்று, அவர் வார்த்த நீரை உண்டு, வேலிக்கு அப்பால் வளைந்து, அயலவர் வளவிற் காய் உதிர்க்கும் தென்னை அது. வேலியோரங்களிற் பிறந்து வளர்ந்த நமக்கு இவ்வுவமைக்கு உரை வேண்டுவதில்லை.

தென்னை வளைவது தென்னையின் குற்றமா, நட்டு வளர்த்தவரின் குற்றமா? இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா இதுவே. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரு நாட்டில் நன்கு கற்கின்றனர். மற்றொரு நாட்டிற் பின்தங்குகின்றனர். ஒரே நாட்டினுள்ளும் ஒரு பள்ளி ஏற்றம் பெறுகிறது. அடுத்த தெருப் பள்ளி தேய்கிறது. வறுமையும் செல்வமும் இதற்குக் காரணம் என்பது உண்மையே. ஆயினும் அவை மாத்திரம் காரணமாகா. பள்ளியை நடத்தும் ஆட்சிமுறை ஒன்று. ஆசிரியர் தம்முள் வழிவழியாகக் கைக்கொண்டு வருங் கற்பித்தல் மரபு மற்றொன்று. இவ்விரண்டும் எவ்வாறு பிள்ளையின் கல்வியை ஆக்குகின்றன, எவ்வாறு கெடுக்கின்றன என்பதைப் பிறநாட்டார் அநுபவங்கொண்டு நோக்குவோம்.

ஆட்சியால் இயல்வது

பொருளியலறிஞராகிய புளூம், லெமோஸ், சடூன், வான் றீனன் என்னும் நால்வர் 2015ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பிரேசில், கனடா, ஜேர்மனி, இந்தியா, இத்தாலி, சுவீடன், பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய 8 நாடுகளில் 1,800க்கு மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளின் அதிபர்களை அவர்கள் வினவினர். பாடத்திட்டம் எவ்வாறு நடைபெறுகிறது, மாணவர் முன்னேற்றம் எவ்வாறு கவனிக்கப்படுகிறது, குறிக்கோள் உண்டா, நல்லாசிரியர் மதிக்கப்படுகின்றனரா என்றிவ்வாறு 20 செயன்முறைகளைப் பற்றி மதிப்பிட்டனர். நன்கு நடத்தப்படும் பள்ளிகளின் மாணவர் பரீட்சைகளிலும் மேம்பட்டிருந்தனர். தன்னுரிமையுடைய அரசினர் பள்ளிகள் ஏனைய அரசினர் பள்ளிகளையும் தனியார் பள்ளிகளையும் விட மேலாக நடத்தப்பட்டிருந்தன. அதற்குரிய காரணங்களுட் பெரும்பகுதி இரண்டாக அமைந்தது: அதிபர் தம் பள்ளியின் பயனுக்கு வெளியேயுள்ள ஓர் அவைக்குப் பொறுப்புச் சொல்லக் கடமைப்பட்டிருத்தல், எதிர்காலத்துக்கென ஒரு தெளிந்த திட்டம் அவரிடத்தில் இருத்தல்.

ஆட்சியின் வலிமையை இன்னும் அடித்தளத்தில் நின்று காட்டுவது இந்தியாவின் இராசத்தான் மாநிலத்து உதயப்பூரில் நடந்த பரிசோதனை. அங்கே ஓராசிரியர் பள்ளிகள் பலவற்றை ஒரு தொண்டு நிறுவனம் நடத்தி வந்தது. ஆசிரியர் வாராத நாளிற் பள்ளியும் இல்லை. ஒரு பகுதிப் பள்ளிகளுக்கு நாளும் நேரமும் பதியும் நிழற்படக் கருவிகளைக் கொடுத்து, காலையிலும் மாலையிலும் மாணவருடன் ஆசிரியரைப் படமெடுக்கச் செய்தனர். வந்த நாட்களுக்கேற்பச் சம்பளம் அமைந்தது. கருவி இல்லாத பள்ளிகளில் ஆசிரியர் வாராமை நூற்றுக்கு 42 ஆக இருக்க, கருவியுள்ள பள்ளிகளில் அது 21 ஆயிற்று. பிள்ளைகளின் அறிவும் ஓரளவு உயர்ந்தது. கதவு திறக்கப்படாத பள்ளியிற் கற்பித்தல் மரபைப் பற்றிப் பேசுதல் வீண்பேச்சு. கதவைத் திறப்பிக்க ஆட்சியால் இயலும், இயல வேண்டும்.

ஆனால், ஆட்சி ஒன்றே போதுமா? முற்கூறிய ஆய்விலே நிருவாகச் சிறப்பால் முன்வரிசை பெற்ற நாடுகளுள் ஒன்று சுவீடன். அந்நாட்டின் 15 வயது மாணவர் 2012ஆம் ஆண்டுச் சர்வதேசக் கணித மதிப்பீட்டிற் பெற்றது 478 புள்ளி. பங்குபற்றிய வளர்ச்சியுற்ற நாடுகளின் சராசரியோ 494. நிருவாகத்தின் பதிவேடு சீராயிருக்க, வகுப்பறையின் பயன் தளர்தலும் கூடும் என்பதற்கு இது சான்று. ஆசிரியரை வகுப்புவரையிற் கொணர்ந்து விடுவது ஆட்சி. வகுப்பினுள் நிகழ்வது வேறு.

இங்கிலாந்து செலவிட்டுக் கற்ற பாடம்

வகுப்பினுள் நிகழ்வதையும் ஆட்சியாலேயே கட்டிவிடலாம் என்று எண்ணிய நாடு இங்கிலாந்து. 1862ஆம் ஆண்டில், கல்விப் பொறுப்பை வகித்த றொபேட் லோ என்பார் ஒரு புதிய விதிக்கோவையை நடைமுறைக்குக் கொணர்ந்தார். பெறுபேற்றுக்கேற்ற கொடை என்பது அதன் பெயர். வித்தியாதரிசி ஆண்டுக்கொருமுறை பள்ளிக்கு வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் என்னும் மூன்றிலும் சோதிப்பார். ஒரு பிள்ளை ஒரு பாடத்திற் றவறினாற் பள்ளிக்குரிய நன்கொடையில் 2 சிலிங் 8 பென்ஸ் குறைக்கப்படும். பயன் விளையாவிடின் அரசினர்க்குச் செலவாவது குறையும் என்னும் கருத்துப்பட லோ பாராளுமன்றத்திற் பேசினார். வணிகனுடைய தராசு வகுப்பறைக்குள் வந்து அமர்ந்தது.

விளைந்தது யாது? ஆசிரியர் தீயவராயினாரல்லர், கணக்கறிந்தவராயினர். பணந் தருவன மூன்று பாடங்கள். ஆகவே சரித்திரமும் பூமிசாஸ்திரமும் ஒதுங்கின. தரிசி கையிலெடுக்கும் வாசிப்புப் புத்தகம் இன்னதென்பது முன்பே தெரியும். ஆகவே அதனைப் பிள்ளைகள் நெட்டுருப் பண்ணினர். எழுத்தைக் காணாமலே வாசித்தனர். கவிஞரும் திறனாய்வாளருமாகிய மத்தியூ ஆர்னல்ட் 35 ஆண்டுகள் வித்தியாதரிசியாக இருந்தவர். வாசிக்கவும் எழுதவும் கணக்குச் செய்யவும் உண்மையில் அறியாத பிள்ளைகளையும், தந்திரமான ஆயத்தத்தால் அம்மூன்றிலுஞ் சித்தியடையச் செய்தல் இயலும் என்று அவர் தம் அறிக்கைகளில் மீண்டும் மீண்டும் எடுத்துரைத்தார். அரசினர் உடனே கேட்டிலர். இம்முறை முற்றாகக் கைவிடப்படுதற்கு ஏறக்குறைய 35 ஆண்டுகள் சென்றன. பிரதம தரிசியாயிருந்து இளைப்பாறிய எட்மண்ட் ஹோம்ஸ் 1911இல் எழுதிய நூலில், அம்முறை ஒழிந்த பின்னரும் அது பழக்கிய கற்பித்தல் வகுப்பறைகளை விட்டு நீங்கவில்லை என்று வருந்தினார். சட்டம் மறையும், சட்டம் உண்டாக்கிய மரபு மறையாது.

இலங்கையிலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உதவிநன்கொடை பெற்ற பள்ளிகளிடத்தில் இம்முறை நிலவியது. பரீட்சைப் பெறுபேறே பள்ளி என்னும் எண்ணம் நம்மவர் உள்ளத்தில் இத்துணை ஆழமாக வேரோடியதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

பழங்கதை என்று இதனைத் தள்ளுதற்கில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கல்விச் சட்டம் ஆண்டுதோறும் பரீட்சை நடத்தி, முன்னேறாத பள்ளிகளுக்குத் தண்டமும் விதித்தது. அத்திலாந்தா நகரிலே ஆசிரியர்களே மாணவரின் விடைத்தாள்களை அழித்துத் திருத்தினர். 2011ஆம் ஆண்டு வெளிவந்த மாநில விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களையும் அதிபர்களையும் குற்றத்துக்கு உட்படுத்தியது. இங்கிலாந்திலும் பள்ளி முழுவதையும் ஒரே சொல்லால் மதிப்பிட்டு விளம்பரப்படுத்தும் வழக்கம் அண்மைக்காலம்வரை இருந்தது. 2024 செத்தெம்பரிலேதான் அரசினர் பள்ளிகளுக்கு அது நிறுத்தப்பட்டது.

ஒரு கொப்பியும் சிவப்பு மையும்

பிறர் குற்றத்தை எண்ணுவோன் தன் குற்றத்தையும் சொல்ல வேண்டும். ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில் யான் ஒரு சிறு பாடசாலையிற் பணியாற்றினேன். அதிகாரிகள் நாளை வருகின்றனர் என்று ஒருநாள் மாலை செய்தி வந்தது. ஏழாந் தரத்துக் கட்டுரைக் கொப்பிகள் மூன்று மாதமாகத் திருத்தப்படாமற் கிடந்தன. அவ்விரவு விளக்கின் முன்னிருந்து எல்லாக் கொப்பிகளுக்கும் சிவப்பு மை பூசினேன். கையெழுத்திட்டேன்; ஒவ்வொன்றிலும் பழைய திகதியையும் இட்டேன். மறுநாள் வந்தவர்கள் கொப்பிகளைப் புரட்டினர். திருத்தம் ஒழுங்காக உள்ளதென்று பதிவேட்டிற் குறித்தனர். அதிபர் மகிழ்ந்தார்.

அவர்கள் சென்ற பின், கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் கொப்பியுடன் என்னிடம் வந்தான். “முயற்சி” என்னும் சொல்லை அவன் இடையில் ஒரு சகர ஒற்றை மிகுத்து “முயற்ச்சி” என்று எழுதியிருந்தான். முதற் கட்டுரையில் அப்பிழை இருந்தது, இரண்டாவதில் இருந்தது, கடைசிக் கட்டுரைவரை இருபதிடத்துக்கு மேல் இருந்தது. எல்லாவற்றையும் யான் ஓரிரவிற் சுழித்திருந்தேன். “சேர், முதல் தரமே சொல்லியிருந்தியளெண்டால் மிச்சம் எல்லாம் சரியா எழுதியிருப்பனே” என்றான். அவன் குறைகூறினானல்லன், கணக்கொன்று புரியாதவன் போலக் கேட்டான். யான் மறுமொழி கூறவில்லை.

அதிகாரிகள் கொப்பியில் மையைக் கண்டனர். மை உண்டு. அந்த மை பிள்ளையின் அறிவுக்குள் இறங்கிற்றா என்பதைக் காண அவர்களுக்கு நேரமும் இல்லை, வழியும் இல்லை. ஆட்சி தான் காணக்கூடியதை எண்ணும். ஆசிரியன் ஆட்சி எண்ணுவதைச் செய்வான். பிள்ளைக்கு வேண்டியதோ பெரும்பாலும் எண்ணுதற்கு அரியது.

யப்பானியர் கண்ட வழி

அவ்வாறாயின் வகுப்பினுள் நிகழ்வதை யார் காண்பது? யப்பான் தேசத்தார் இதற்கு ஒரு விடை வைத்துள்ளனர். உடன் ஆசிரியர் காண்பர் என்பதே அது.

அங்கே பாட ஆய்வு என்றொரு வழக்கம் மெய்சி காலந் தொட்டு வளர்ந்து வந்துள்ளது. ஒரு பள்ளியின் ஆசிரியர் சிலர் கூடி ஒரு பாடத்தைத் தெரிந்தெடுத்து, அதனை வாரக்கணக்கில் ஆராய்ந்து திட்டமிடுவர். பின் அவர்களுள் ஒருவர் அதனைத் தம் வகுப்பிற் கற்பிப்பார். ஏனையோர் அறையின் ஓரங்களில் நின்று குறிப்பெடுப்பர். அவர்கள் நோக்குவது ஆசிரியரின் மிடுக்கையன்று. பிள்ளைகள் எவ்விடத்திற் றயங்கினர், எவ்வாறு எண்ணினர், எவ்வினா அவர்களைத் தெருட்டியது என்பவற்றை. பாடம் முடிந்தபின் எல்லாரும் அமர்ந்து விவாதிப்பர். திட்டத்தைத் திருத்தி மற்றொருவர் வேறொரு வகுப்பிற் கற்பித்தலும் உண்டு.

அவர்கள் ஆராய்ச்சி எத்துணை நுண்ணியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். முதலாம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்தைக் கடந்த கழித்தலைக் கற்பிக்க வேண்டும். எந்த எண்ணைக் கொடுப்பது? 13இலிருந்து 9ஐக் கழி என்றாற் பிள்ளை பத்திலிருந்து 9ஐ எடுத்து, எஞ்சிய ஒன்றை மூன்றுடன் கூட்ட எண்ணும். 12இலிருந்து 3ஐக் கழி என்றால், முதலில் இரண்டை எடுத்துப் பின்னும் ஒன்றை எடுக்க எண்ணும். கழித்தல் ஒன்றேயாயினும் எண் மாறப் பிள்ளையின் சிந்தனை வழியும் மாறுகின்றது. ஆதலின் எந்த எண்ணுடன் தொடங்குவது என்பது ஒரு சிறு கூட்டத்தின் நீண்ட உரையாடலுக்குப் பொருளாகும். உரையாசிரியர் ஒரு சொல்லின் வைப்புமுறைக்குக் காரணந் தேடுவதை ஒத்த உழைப்பு இது. தமிழ்ப் பண்டிதன் ஒருவன் இதனைக் கேட்டு வியவாதிருத்தல் அரிது.

1995ஆம் ஆண்டில் ஜேர்மனி, யப்பான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் எட்டாந் தரக் கணித பாடங்கள் 231 படம்பிடிக்கப்பட்டன. இவற்றை ஆராய்ந்த ஸ்ரிக்லர், ஹீபேட் என்பார் 1999இல் ஒரு நூல் வெளியிட்டனர். அமெரிக்க வகுப்பில் ஆசிரியர் வழியைக் காட்டுகிறார். மாணவர் அதனைப் பல முறை செய்து பழகுகின்றனர். யப்பானிய வகுப்பிலே ஒரு கடின வினா முதலில் வைக்கப்படுகிறது. மாணவர் அதனோடு மல்லாடுகின்றனர். பின் தத்தம் வழிகளைக் கரும்பலகையில் எடுத்துக்காட்டுகின்றனர். ஆசிரியர் ஈற்றில் தொகுத்துரைக்கிறார். ஒரு நாட்டினுள் ஆசிரியர்க்கு ஆசிரியர் உள்ள வேறுபாட்டைக் காட்டிலும் நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாடே பெரிதாகக் காணப்பட்டது. கற்பித்தல் தனி மனிதர் திறனன்று, ஒரு பண்பாட்டின் செயல் என்பது அவர்கள் முடிபு. நாம் கற்பிக்கப்பட்டவாறே கற்பிக்கின்றோம். அதனை அறியாமலுஞ் செய்கின்றோம்.

யப்பானை ஒரு பொன்னுலகாகக் காட்டுதல் பிழை. 2018ஆம் ஆண்டுச் சர்வதேச ஆய்வொன்றின்படி அந்நாட்டு இடைநிலை ஆசிரியர் கிழமைக்கு 56 மணி நேரம் உழைத்தனர். பங்குபற்றிய நாடுகளின் சராசரி ஏறக்குறைய 38. கற்பிக்கும் நேரமோ சராசரியை விடக் குறைவு. விளையாட்டுக் கழகமும் அலுவலகத் தாள்களும் எஞ்சிய பொழுதை உண்டன. மாலையிலே தனியார் வகுப்புக்களுக்கு ஓடும் பிள்ளைகள் அங்கும் உளர். ஆயினும் 2022ஆம் ஆண்டுக் கணித மதிப்பீட்டில் யப்பானியப் பிள்ளைகள் 536 புள்ளி பெற்று முன்னணியில் நின்றனர், சராசரி 472.

பின்லாந்தின் நம்பிக்கை

பின்லாந்தார் கண்டது மற்றொரு வழி. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பொதுப் பள்ளியை வகுத்து, 1972 முதல் 1977 வரை வடக்கிலிருந்து தெற்கு நோக்கி அதனைப் பரப்பினர். ஆசிரியர் பயிற்சியைப் பல்கலைக்கழகங்களுக்கு மாற்றினர். 1979 முதல் ஆரம்பப் பள்ளி ஆசிரியரும் முதுமாணிப் பட்டம் பெற வேண்டுமென விதித்தனர். இவ்வாறு ஆசிரியரை ஆக்கிய பின்னரே, 1990களின் தொடக்கத்தில், பள்ளித் தரிசிகளை நீக்கினர். 2000ஆம் ஆண்டு முதன்முதல் நடந்த சர்வதேச மதிப்பீட்டில் அந்நாட்டு மாணவர் வாசிப்பில் முதலிடம் பெற்றபோது உலகம் வியந்தது.

இவ்வரிசையைக் கவனித்தல் வேண்டும். முதலிற் பயிற்சி, பின் நம்பிக்கை, அதன்பின் விடுதலை. பலர் கடைசிப் படியை மாத்திரம் கண்டு, தரிசியில்லாத பள்ளியே நற்பள்ளி என்பர். அடித்தளமிடாது முகடு வேய்வார் செயல் அது. மேலும், பின்லாந்தின் கணிதப் புள்ளி 2006இல் 548 ஆக இருந்து, 2022இல் 484 ஆகத் தாழ்ந்துவிட்டது. ஒருமுறை பெற்ற சிறப்பு வைப்புப் பணம் போலத் தானே வளர்வதன்று. நாள்தோறும் நீர் வார்க்க வேண்டும்.

நம் வளவுத் தெங்கு

இவற்றால் நாம் அறிவது யாது? ஆசிரியரை நேரத்துக்கு வரச் செய்தல், பள்ளிக்கு ஒரு குறிக்கோளை அமைத்தல், அதிபரைப் பொறுப்புடையவராக்குதல் என்பன ஆட்சியால் ஆவன. அவற்றை ஆட்சி தவறாது செய்க. ஆனால் எண்ணக்கூடிய ஒரு பெறுபேற்றைத் தூக்கிப் பிடித்து அதற்கே பரிசும் தண்டமும் வகுக்குமாயின், ஆசிரியன் அதனையே விளைவிப்பான். கல்வி வேலிக்கு அப்பாற் சாயும். கற்பித்தலைத் திருத்த வல்லவர் உடன் கற்பிப்போரே.

நம்மிடத்தில் இவ்விரண்டும் எவ்வாறுள்ளன? ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் எத்தனை பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினர் என்பதைக் கொண்டே ஊரார் ஒரு பள்ளியை எடைபோடுகின்றனர். பத்து வயதுப் பிள்ளையின் படத்தைப் பதாகையில் எழுதித் தெருவிற் கட்டுகின்றனர். தாண்டாத பிள்ளை அப்பதாகையின் கீழாலேயே நாள்தோறும் பள்ளிக்குப் போகின்றது. பகலில் வகுப்பிற் சுருக்கிச் சொன்ன பாடத்தை மாலையிற் றனியார் கல்வி நிலையத்தில் விரித்துச் சொல்லும் ஆசிரியரும் நம்முள் இல்லாமலில்லை. பவணந்தியார் சொன்ன முடத்தெங்கு இதுவன்றி வேறு யாது? எல்லாரையும் சொல்லவில்லை, நேர்நின்று காய்க்கும் தெங்குகளே பல. ஆனால் சாய்ந்து நிற்பதனைக் கண்டும், அதனை எவருங் குறையென்று சொல்லாதிருத்தலே நம் மரபாகிவிட்டது.

அடைத்த கதவும் நம் மரபுகளுள் ஒன்று. முப்பதாண்டுகள் அடுத்தடுத்த வகுப்பறைகளிற் கற்பித்த இருவர், ஒருவர் பாடத்தை மற்றவர் ஒருநாளாயினும் கேளாது இளைப்பாறுதல் நம் பள்ளிகளிற் சாதாரணம். யானும் அவ்வாறே இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், உடன் பணியாற்றிய கணித ஆசிரியை ஒருவரை என் வேற்றுமை பாடத்தைப் பார்க்க அழைத்தேன். அவர் தமிழிலக்கணம் அறியாதவர்; பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாடம் முடிந்தபின், “ஐயா, நீங்கள் 31 கேள்வி கேட்டியள். 26 கேள்விக்கு முன்வாங்கில் இருந்த அந்த மூண்டு பேர்தான் மறுமொழி சொன்னவை. யன்னலோரம் இருந்த பிள்ளை சரியான விடையை எழுதிப்போட்டு அழிச்சுப்போட்டா” என்றார். பாடம் நன்றாக நடந்ததென்று அதுவரை மகிழ்ந்திருந்தேன். அந்த யன்னலோரத்துப் பிள்ளையை எந்தப் பதிவேடும் எனக்குக் காட்டியிராது. இருபத்தைந்து ஆண்டுகளில் என் வகுப்பில் எத்தனை யன்னலோரங்கள் இருந்தனவோ!

ஆசிரிய நண்பர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்று. இதற்குச் சுற்றுநிருபம் வேண்டா, பணமும் வேண்டா. அடுத்த தவணையில் ஒரு பாடவேளைக்கு உங்கள் நண்பர் ஒருவரை வகுப்பின் பின்வாங்கில் வந்து இருக்கச் சொல்லுங்கள். உங்களை அன்று, பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்டதை வெளியே சொல்லாது உங்களிடம் மாத்திரம் சொல்லச் சொல்லுங்கள். அதிபராயிருப்போர் அந்த ஒரு பாடவேளைக்கு அந்நண்பரை வேறு வேலையிலிருந்து விடுவித்துத் தாருங்கள். அதனைப் பதிவேட்டில் ஏற்றாது விடுங்கள். ஏற்றினால் மறுநாளே அதற்கும் ஒரு சிவப்பு மை பிறந்துவிடும்.

“முயற்சி” என்னும் சொல்லை அம்மாணவன் பின்னர்ப் பிழையின்றி எழுதக் கற்றான். அவனுக்கு மூன்று மாதம் பிந்திக் கிடைத்த திருத்தம் அது. இன்று நம் வகுப்புக்களில் இருக்கும் பிள்ளைகளுக்காயினும் அது உரிய காலத்திற் கிடைப்பதாக.